மூன்று கால் கல்லும் கறி உருண்டையும்

மெக்சிகோ நகரின் லா மெர்செட் சந்தையில் பகல் 2 மணிக்கு உட்கார இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ‘கொமிதா கொரிதா’ நேரம் அது. சூப், சோறு, ஒரு குழம்பு, பழம் கரைத்த தண்ணீர், சுடச்சுட மக்காச்சோள ரொட்டி எல்லாம் சேர்த்து ஒரே விலை. மூட்டை தூக்குகிறவரும் கடைக் கணக்கரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். நண்பர் ஒருவர் கைகாட்டிய கடை இது. அடுப்படியில் நிற்கும் அம்மாளுக்கு அறுபது தாண்டியிருக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் அவர் ‘தோன்யா’. அன்றைய குழம்பு அல்போந்திகாஸ், அதாவது தக்காளிக் குழம்பில் வெந்த கறி உருண்டை.

கொத்திய மாட்டுக்கறி, பன்றிக்கறி, ஒரு பிடி வேகாத அரிசி, முட்டை, புதினா, உப்பு. எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டும்போது நடுவில் அவித்த முட்டைத் துண்டு ஒன்றை ஒளித்துவைக்கிறார். எண்ணெயில் பொரிக்கும் வேலையே இல்லை. கொதிக்கும் குழம்பில் பச்சையாகவே இறக்குகிறார். கறியின் கொழுப்பு குழம்பில் கலக்க வேண்டும், அரிசி அந்தக் குழம்பைக் குடித்து உப்ப வேண்டும். கரண்டி போட்டால் உடைந்துவிடும் என்பதால் சட்டியைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டுவதோடு சரி. சூப்பும் சோறும் ஓரத்து அடுப்பில் தம்பாட்டுக்கு வெந்தன.

அரபு ஆட்சிக்கால ஸ்பெயினில் பழகிய உருண்டை இது. 1521இல் அஸ்டெக் தலைநகர் விழுந்தபின் ஸ்பானியர் கையோடு வந்தது. மாடு, பன்றி, அரிசி, பூண்டு, வெங்காயம், புதினா எல்லாமே கப்பலேறி வந்தவைதான். சட்டிக்குள் மண்ணின் பிள்ளைகள் தக்காளியும் மிளகாயும். இன்னொரு பிள்ளை சட்டிக்கு வெளியே மூன்று காலில் நிற்கிறது.

மொல்காஹேத்தே. எரிமலைக் கல்லில் குடைந்த கிண்ணம், அரைக்க ஒரு கைக்கல். ஸ்பானியர் கரையிறங்குவதற்கு வெகுகாலம் முன்பே இந்தச் சமையலறைகளில் இருந்தது. 50 பேருக்கான தக்காளியைக் கொமால் தட்டில் தோல் கருகச் சுட்டு, தோன்யா மிக்ஸியில்தான் அடிக்கிறார். அதை மறைக்கவும் இல்லை. பூண்டு, சீரகம், புகையில் உலர்ந்த சிபோட்லே மிளகாய் மட்டும் கல்லுக்குப் போகின்றன. மிக்ஸி வெட்டும், கல் நசுக்கும். அம்மியில் அரைத்த மீன்குழம்பு தெரிந்த நாக்குக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அந்தக் கல் அவருக்கு மாமியார் கொடுத்தது. குவானஹுவாத்தோ மாநிலத்தில் கொமொன்ஃபோர்ட் என்ற ஊரின் வேலை. அங்கே கல் கொத்துவது தலைமுறைத் தொழில். பட்டறைக்குள் போனால் முதலில் தொண்டை கரகரக்கிறது. முகத்தில் துணி கட்டிய கல்தச்சர் ஒருவர் பாறைத்துண்டை மடிக்கு நேரே வைத்து, கூர்ச்சுத்தியலால் கொத்திக்கொண்டே போகிறார். வெளிவடிவம் சீக்கிரம் வந்துவிடுமாம். காலும் உட்குழிவும்தான் பொழுதைத் தின்னும். கடைசி அடியில் கால் உடைந்தால் உழைப்பு அத்தனையும் குப்பைக்கு.

உடையாமல் தப்பிய கல்லை வாசலிலேயே மொத்தமாக அள்ளிப்போகிறார் வியாபாரி. தூசியைத் தின்றவருக்குக் கூலி, துடைத்து அடுக்கியவருக்கு லாபம். இது போதாதென்று சிமெண்டை அச்சில் வார்த்து, கறுப்புப் பூசி, அசலின் பக்கத்திலேயே வைத்து விற்கிறார்கள். விலையைப் பார்த்து வாங்குகிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கல்தச்சரிடம் மேலும் பேரம் பேச வைப்பதும் இந்தப் போலிதான். கைவினையைப் பாராட்டி எத்தனை விழா எடுத்தாலும் இந்த அநியாயம் பட்டறை வாசலை விட்டுப் போவதில்லை.

போலியைக் கண்டுபிடிக்க அரிசி போதும் என்கிறார் தோன்யா. புதுக்கல்லில் அரிசியை அரைத்துக் கொட்ட வேண்டும். அசலில் நாலைந்து ஈட்டில் மாவு வெள்ளையாகிவிடும், சிமெண்டில் சாம்பல் நிறம் வருவது நிற்கவே நிற்காது. அவர் மகள் வாங்கிவந்த கல்லில் ஒரு வாரம் அரைத்தும் நிற்கவில்லை. அது இப்போது கடைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது.