மூக்கு கொஞ்சம் கோணலாகவே இருக்கட்டும்!

இந்த ஊருக்குப் போக விசா வேண்டாம். டிக்கெட் வேண்டாம். பெட்டி படுக்கை வேண்டாம். ஆனால் போய் இறங்கினதும் ஒரு போட்டோ வேண்டும். அதுவும் உங்கள் போட்டோ இல்லை; அங்கே உங்களுக்குப் பதிலாக நடமாடுகிற பொம்மையின் போட்டோ!

ஊர் பெயர் செகண்ட் லைஃப். இரண்டாம் வாழ்க்கை. (முதல் வாழ்க்கையே இ.எம்.ஐ.யில் ஓடுகிறது என்பவர்கள் மன்னிக்கவும். நுழைவு இலவசம்.) ஸான்பிரான்ஸிஸ்கோவில் ஃபிலிப் ரோஸ்டேல் என்பவர் 1999-ல் லிண்டன் லாப் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். அவர்கள் 2003 ஜூனில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட கம்ப்யூட்டர் உலகம் இது. விளையாட்டு என்று நினைத்துப் போனால் ஏமாந்து போவீர்கள். இங்கே வில்லன் கிடையாது, ஸ்கோர் கிடையாது, ஜெயிக்கிறது தோற்கிறது எதுவும் கிடையாது. வீடு கட்டலாம், கடை போடலாம், டான்ஸ் ஆடலாம், சும்மா பெஞ்சில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசலாம். அச்சு அசல் நம்ம ஊர்தான், பறக்க முடியும் என்பதைத் தவிர.

நிலத்தை 256 மீட்டருக்கு 256 மீட்டர் சதுரங்களாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஒரு நாள் என்பது நாலே மணி நேரம். மூன்று மணி நேரம் பகல், ஒரு மணி நேரம் ராத்திரி. நம்ம ஆபீஸ் நேரத்துக்குள் அங்கே இரண்டு தடவை பொழுது விடிந்துவிடும். இன்க்ரிமென்ட் மட்டும் அதே வேகத்தில் வராது.

பி.காம். படித்தவன் என்பதால் நான் முதலில் பார்த்தது நாணய மாற்று விகிதம். லிண்டன் டாலர் என்று தனிப் பணம். ஒரு அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 250 லிண்டன். எடுத்த போட்டோவைக் கம்ப்யூட்டரில் சேமித்துக்கொண்டால் இலவசம். அங்கேயே உங்கள் பைக்குள் போட்டுக்கொள்ள 10 லிண்டன். நம்ம கணக்கில் மூன்றரை ரூபாய் வாக்கில் வரும். பொம்மைக்கும் பொம்மைக்கும் கல்யாணம் பதிவு பண்ணவும் அதே 10 லிண்டன்தான். விவாகரத்துக்கு 25! ரேட் போட்டவர் அனுபவஸ்தர் என்று தெரிகிறது.

பொம்மைக்கு அங்கே பெயர் அவதார். நம்ம அவதாரமேதான். பெருமாள் பத்தோடு நிறுத்திக்கொண்டார். இங்கே சட்டை மாற்றுகிற மாதிரி ஒரு மணி நேரத்தில் பத்து எடுக்கிறார்கள்.

நான் இறங்கினபோது மேகமாகத்தான் இறங்கினேன். நிஜமாகவே ஒரு புகை மூட்டம். உருவம் தரவிறங்கும் வரைக்கும் அப்படித்தான் தெரியுமாம். அப்புறம் சாம்பல் நிறத்தில் ஒரு ஆள் முளைத்தான். கொஞ்ச நேரத்தில் அவனுக்குச் சட்டை வந்தது, கண் வந்தது, கடைசியில் ஒரு தாடை வந்தது பாருங்கள்... ஷேவிங் க்ரீம் விளம்பரத் தாடை! சுற்றிலும் பார்த்தேன். எல்லோருக்கும் அதே தாடை. எல்லோரும் ஆறரை அடி, ஏழு அடி. எல்லோருக்கும் இருபத்திரண்டு வயசு. தொப்பை என்கிற சமாசாரமே இல்லாத ஊர்.

என்னை அங்கே அழைத்துப் போனவன் நண்பன். பகலில் பாங்க் கவுன்ட்டர், இரவில் இங்கே டான்ஸ் ஹால் வாசல். "முதல்ல ப்ரொஃபைல்ல ஒரு போட்டோ போடுடா. போட்டோ இல்லாதவன்கிட்ட இங்க எவனும் பேச மாட்டான்" என்றான்.

அவன் சொன்னது உண்மை. அங்கே இருபது பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள், ஒருத்தரும் பேசவில்லை என்றால், ஊமைகள் என்று அர்த்தமில்லை. ஒருத்தர் ப்ரொஃபைலை ஒருத்தர் படித்துக்கொண்டிருக்கிறார்கள். பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் ஜாதகமும் போட்டோவும் வாங்கிப் பார்க்கிற அதே கதை. ப்ரொஃபைலில் இரண்டு பக்கம் உண்டு. ஒன்று இரண்டாம் வாழ்க்கைக்கு. அதில் பொம்மையின் படம், ஊரில் சேர்ந்த தேதி. அந்தத் தேதிதான் அங்கே பிறந்தநாள். இன்னொரு பக்கம் முதல் வாழ்க்கைக்கு. நிஜ ஆளின் படம் போடலாம், போடாமலும் விடலாம். நான் பார்த்த வரைக்கும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

படம் எடுப்பதற்கு முன்னால் முகம் வேண்டுமே! அதற்கு ஒரு தனி ஜன்னல் திறக்கிறது. வரிசை வரிசையாக நகர்த்துகோல்கள், பூஜ்யத்திலிருந்து நூறு வரைக்கும். காது எவ்வளவு விரியணும், உதடு எவ்வளவு தடிக்கணும், கன்னச் சதை எவ்வளவு தொங்கணும்... மூக்குக்கு மட்டுமே ஏகப்பட்டது. அதில் ஒன்று, மூக்குக் கோணல்! 50-ல் நிறுத்தினால் நேர் மூக்கு. இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளினால் கோணல்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது படிக்கும்போது தெரு கிரிக்கெட்டில் கார்க் பந்து பட்டதில் என் மூக்கு இடது பக்கம் சாய்ந்தது. அப்புறம் நிமிரவே இல்லை. எந்த ஸ்டூடியோவுக்குப் போனாலும் போட்டோகிராபர் என் தாடையைப் பிடித்து ஒரு பக்கமாகத் திருப்பிவிடுவார். "லேசா இப்படி... ஆங்!" கல்யாணத்துக்கு அனுப்பிய படத்தில் கூட நான் பக்கத்து வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது ஒரு நகர்த்துகோல் தூரத்தில் நேர் மூக்கு. 50-ல் வைத்து ஒன்று, 58-ல் வைத்து ஒன்று என்று இரண்டு முகம் செய்து பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இனி லொகேஷன். பெல்லிஸேரியா என்று ஒரு கண்டம் இருக்கிறது, 2019-ல் திறந்தார்கள். மர வீடுகள், வண்டி வீடுகள், தண்ணீரில் ஆடுகிற படகு வீடுகள். வீடு வேண்டுமானால் சந்தா கட்டணும்; சுற்றிப் பார்க்கக் காசில்லை. ஒரு படகுத்துறையில் போய் நின்றேன். உச்சி வெயில். முகத்தில் ஒரு பக்கம் சுண்ணாம்பு, ஒரு பக்கம் கரி.

இங்கேதான் அந்த ஊரின் அதிசயம். சூரியனை நீங்களே நகர்த்திக்கொள்ளலாம்! மெனுவில் அஸ்தமனம் என்று தட்டினால் வானம் மாம்பழ நிறமாகிவிடும். உங்கள் திரையில் மட்டும்தான். பக்கத்தில் நிற்கிறவர் திரையில் இன்னும் மத்தியானம். இந்த வானவித்தைக்கு அடிப்படையான விண்ட்லைட் நுட்பத்தை லிண்டன் லாப் 2007-ல் விலைக்கு வாங்கியது. ஒரே பெஞ்சில் இரண்டு பேர் தோளோடு தோள் உட்கார்ந்து ஒருத்தர் சூரியோதயமும் ஒருத்தர் நள்ளிரவும் பார்க்கிற ஊர் உலகத்தில் வேறெங்கேயும் கிடையாது. (சில தாம்பத்யங்களில் உண்டு.)

அங்கேதான் நரியம்மாவைச் சந்தித்தேன். நரித் தலை, கோட்டு சூட்டு, கழுத்தில் கேமரா. கேமரா அலங்காரத்துக்குத்தான், அந்த ஊரில் உங்கள் கண்ணே கேமரா. பொம்மை நின்ற இடத்தில் நிற்கும். நீங்கள் ஆல்ட் பட்டனை அழுத்தி எலியை இழுத்தால் பார்வை மட்டும் அதைச் சுற்றி வரும். தான் பிரேஸில் நாட்டுப் பெண்மணி, இங்கே போட்டோ பிடிப்பதுதான் பொழுதுபோக்கு என்றார். பிரேஸிலா, பெண்மணியா... நமக்கெதற்கு! பேச்செல்லாம் இங்கிலீஷ் தட்டச்சு. தமிழில் தருவது என் உபயம்.

"கிட்டப் போய் எடுக்காதீர்கள். மூக்கு பெரிதாகும். தள்ளிப் போய்விட்டு, கண்ட்ரோலும் பூஜ்யமும் தட்டித் தட்டி நெருக்குங்கள்" என்றார். கிட்டப் போனால் பஜ்ஜி மாதிரி இருந்த மூக்கு, தள்ளிப் போய் நெருக்கினதும் ஒழுங்காக அடங்கியது. நிஜ கேமரா லென்ஸுக்கும் இதே விதிதான்.

அடுத்த தொல்லை கண். பொம்மையின் கண் எலியின் அம்புக்குறி போகிற பக்கமெல்லாம் போகும். பட்டனை அழுத்த ஓரத்துக்குப் போனால் அவனும் ஓரத்தையே பார்க்கிறான், கடன் கொடுத்தவரைக் கண்ட மாதிரி! மெளஸைத் தொடாமல் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தணும் என்று சொல்லித் தந்தார். ஆடி அசையாமல் நிற்க ஒரு போஸ் மேடையும் கொடுத்தார். சிலபேர் முகத்துக்கு நேராக விளக்கு மாட்டிக்கொண்டே ஊர் சுற்றுவார்கள். பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கண் கூசும். டியூப்லைட் தூக்குகிற கல்யாண ஊர்வலம் ஞாபகம் வந்தது.

எடுத்தாச்சு. எடிட்டிங்தான் பெரிய வேலை. திரையின் அளவைவிடப் பெரிதாக எடுத்துப் பிறகு சுருக்கணும். ஓரத்துப் பல் பல் கோடுகள் மறைந்துவிடும். தோள் சட்டையைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். பக்கத்துத் துணியை நகல் எடுத்து மூடணும். கன்னத்தில் கை வைத்த போஸில் விரல் கன்னத்துக்குள்ளேயே போயிருக்கும். விரலை மீட்டு, அடியில் லேசாக நிழல் தீட்டணும். அந்த நிழல் இல்லையென்றால் கை முகத்தைத் தொடுகிற மாதிரியே இருக்காது. கிம்ப் என்கிற இலவச மென்பொருளே போதும். இன்னொன்று, பழைய ப்ரொஃபைல் சட்டம் நாலுக்கு மூன்று. சதுரப் படத்தைப் போட்டால் முகம் அகலமாகி, தீபாவளி லேகியம் சாப்பிட்ட மாதிரி ஆகிவிடும்.

இரண்டு மூக்குக்கும் இரண்டு படம் தயார். நேர்மூக்குப் படத்துக்கு நண்பன் பின்னணியைக் கலைத்து, தோலை இஸ்திரி போட்டுக் கொடுத்தான். "ஹீரோடா!" என்றான்.

எனக்கு ஒரு பத்திரிகை அட்டை ஞாபகம் வந்தது. 2006 மே மாதம் அமெரிக்காவின் பிசினஸ்வீக், செகண்ட் லைஃபில் நிலம் வாங்கி விற்றுச் சம்பாதித்த ஆன்ஷி சங்கை அட்டையில் போட்டது. பெண்மணியை அல்ல, அவருடைய பொம்மையை! அதே வருஷம் இவா, ஃப்ராங்கோ மாட்டெஸ் என்ற இத்தாலியக் கலைஞர் தம்பதி 13 பொம்மைகளின் முகங்களைப் படமெடுத்துக் கேன்வாஸில் அச்சிட்டு நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார்கள். அழகான பதிமூன்று அவதாரங்கள் என்று தலைப்பு. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பாதிப் பேர் ஒரே வீட்டு அக்கா தங்கச்சி மாதிரி இருப்பார்கள்.

அதற்கு நேர்மாறாகவும் ஒன்று உண்டு. வைல்ட் கன்னிங்காம் என்று 2004-ல் ஒரு பொம்மை அந்த ஊரில் உலவியது. அதை இயக்கியவர்கள் ஒன்பது பேர். மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையத்துக்கு வந்துகொண்டிருந்தவர்கள். எல்லோருக்கும் செரிப்ரல் பால்ஸி. உதவியாளர் தட்டச்சு செய்ய, ஒன்பது பேரும் சேர்ந்து ஒரு ஆளாக நடந்தார்கள், பறந்தார்கள், அக்கம்பக்கத்தில் சிநேகம் பிடித்தார்கள். வாக்னர் ஜேம்ஸ் அவ் என்ற பத்திரிகையாளர் எழுதித்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. ஒன்பது பேருக்கு ஒரு முகம். அதைப் பொய் முகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு படத்தையும் நரியம்மாவிடம் காட்டினேன். அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை. "என் ப்ரொஃபைலைத் திறந்து பாருங்கள்" என்றார்.

இவ்வளவு தொழில் தெரிந்தவர் ப்ரொஃபைலில் ஒரு மட்டமான படம்! 2008-ல் எடுத்ததாம். பெஞ்சில் இரண்டு பேர். முப்பரிமாணத் துணிமணி வந்தது 2011-ல். அதனால் ஸ்வெட்டரை உடம்பின் மேலேயே பெயின்ட் அடித்திருக்கிறது. முழங்கை ஜியாமெட்ரி பாக்ஸ் மூலைமட்டம் மாதிரி மடிந்திருக்கிறது. தலைமுடி தோளுக்குள் புகுந்திருக்கிறது. பெண் இவர், நரியாவதற்கு முன்னால். பக்கத்தில் ஒரு வழுக்கைத் தலை ஆள். விரிந்த காது, தொங்கின கன்னம்.

"அழகான உடம்பு எல்லாம் இலவசமாகக் கிடைக்கிற ஊரில், ஒரு வாரம் உட்கார்ந்து தன்னையே செய்துகொண்டார்" என்றார்.

2014-க்குப் பிறகு அவர் உள்ளே வரவில்லை. தங்கை மெயில் அனுப்பித்தான் விஷயம் தெரிந்தது. நண்பர்கள் பட்டியலில் பெயர் இன்னும் இருக்கிறது. வந்திருப்பவர்கள் வரிசைக்கு மட்டும் ஏறுவதில்லை. இன்னொரு படம் எடுக்கலாம் என்றால் அந்த உடம்பை எழுப்ப அவருடைய பாஸ்வேர்டு வேண்டும். அது அவரோடு போய்விட்டது.

"ஒரு தடவை சரி பண்ணிப் பார்த்தேன். முழங்கையை வளைத்தேன், கன்னத்தை ஏற்றினேன், காதைச் சுருக்கினேன். ஒரு மணி நேர வேலை. முடித்துவிட்டுப் பார்த்தால் என் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருந்தான். அழித்துவிட்டேன்."

எனக்கு என்ன தட்டச்சு செய்வதென்று தெரியவில்லை. என் திரையில் அஸ்தமனம். அவர் திரையில் என்னவோ.

பத்து லிண்டன் கட்டினேன். 58-ம் நம்பர் மூக்குப் படத்தை ஏற்றினேன். முதல் வாழ்க்கைப் பக்கத்தைக் காலியாகவே விட்டேன்.

நண்பன் தலையில் அடித்துக்கொண்டான். "டேய், இங்க வந்துமா அந்த மூக்கு?"

மறுநாள் டான்ஸ் ஹால் வாசலில் முன்பின் தெரியாத ஒரு ஆள் பக்கத்தில் வந்து நின்றார். ப்ரொஃபைலைப் படித்திருப்பார் போல. "பாக்ஸிங்கா?" என்று கேட்டார்.

"கிரிக்கெட்" என்றேன்.

"அப்படியென்றால் என்ன?"

எல்.பி.டபிள்யூ. வரைக்கும் விளக்கி முடிப்பதற்குள் அந்த ஊரில் பொழுது சாய்ந்துவிட்டது.