பரிசாக ஒரு பாட்டில் ஒயின் அனுப்பலாமா?

அமெரிக்காவில் ஒருவர் தன் நண்பருக்குப் புத்தகம் அனுப்பலாம், சட்டை அனுப்பலாம், சாக்லேட் அனுப்பலாம். யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். கடையில் காசு கொடுத்து வாங்கிய ஒரு பாட்டில் ஒயினை அனுப்ப நினைத்தால்தான் சிக்கல். அனுப்புகிறவர், வாங்கிக்கொள்கிறவர் இருவருமே 21 வயதைத் தாண்டியவர்களாக இருக்கலாம். ஒரு பைசாகூட கைமாறாமல் இருக்கலாம். அப்படியும் முடியாது!

முதலில் தபால் அலுவலகம். மதுவைத் தபாலில் அனுப்பக்கூடாது என்று 1909-லேயே மத்திய அரசு சட்டம் போட்டுவிட்டது. அந்தத் தடை இன்றும் இருக்கிறது. தெரிந்தே அனுப்பினால் அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பரிசுக்கு என்று தனிச் சலுகை கிடையாது.

சரி, தனியார் கூரியர்? ஃபெடெக்ஸ், யூபிஎஸ் இரண்டுமே ஒயின் பார்சல்களை எடுத்துச் செல்கின்றன. ஆனால் உரிமம் பெற்று, அவர்களோடு தனி ஒப்பந்தமும் போட்டிருக்கும் ஒயின் ஆலைகளிடமும் வியாபாரிகளிடமும் இருந்து மட்டும்தான். தனி ஆள் கொண்டுபோனால் வாங்கமாட்டார்கள். சிலர் 'ஆலிவ் எண்ணெய்' என்று எழிதில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பாட்டில் வழியில் உடைந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பொய் சொல்லி அனுப்பியவர் எந்த முகத்தோடு போய் இழப்பீடு கேட்பார்?

ஒரு பாட்டிலுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1920 முதல் நாடு முழுக்க மதுவிலக்கு. 1933 டிசம்பர் 5-ம் தேதி அரசியல் சட்டத்தின் 21-வது திருத்தம் அதை ரத்து செய்தது. ஆனால் அதே திருத்தத்தின் இரண்டாம் பிரிவு, ஒரு மாநிலத்தின் சட்டத்தை மீறி அந்த மாநிலத்துக்குள் மது கொண்டுவருவதைத் தடை செய்தது. அதாவது, கடிவாளம் மாநிலங்களின் கைக்குப் போய்விட்டது. 50 மாநிலங்கள், ஆளுக்கொரு சட்டம். பெரும்பாலான மாநிலங்கள் மூன்று படிகள் வைத்தன: தயாரிப்பவர் மொத்த வியாபாரிக்கு விற்க வேண்டும், அவர் கடைக்காரருக்கு, கடைக்காரர் குடிப்பவருக்கு. இந்தப் படிகளைத் தாண்டி வீட்டுக்கே பார்சல் வந்தால் வரி போய்விடும், வயதைச் சரிபார்க்க ஆள் இருக்காது என்பது வாதம். மொத்த வியாபாரியின் லாபமும் போய்விடும் என்பதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

இதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் ஒருவர் ஹுவானிடா ஸ்வீடன்பர்க் என்ற பெண்மணி. வர்ஜீனியாவில் சிறிய ஒயின் ஆலை வைத்திருந்தவர். நியூயார்க் மாநிலம் தன் ஊர் ஆலைகள் வீடுகளுக்கு நேரடியாக அனுப்ப அனுமதித்தது. வெளிமாநில ஆலை என்றால் நியூயார்க்கிலேயே ஒரு கிளை திறக்க வேண்டும் என்றது. சின்ன ஆலைக்கு அது நடக்கிற காரியமா? மிச்சிகன் வழக்கும் இதோடு சேர்ந்துகொண்டது. 2005 மே மாதம் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், உள்ளூருக்கு ஒரு நீதி, வெளியூருக்கு ஒரு நீதி என்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகுதான் பல மாநிலங்களின் கதவுகள் திறந்தன.

ஆனால் அந்தத் தீர்ப்பு பாரபட்சம் கூடாது என்றதே தவிர, அனுமதி கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் சமமாகக் கதவைச் சாத்தலாம். யூட்டா மாநிலத்தில் இன்றும் ஆலைகள் நேரடியாக வீட்டுக்கு ஒயின் அனுப்ப முடியாது.

ஆக, பரிசு கொடுக்க விரும்புகிறவருக்கு நேர்வழி ஒன்றுதான். பெறுபவர் இருக்கும் மாநிலத்துக்கு அனுப்ப உரிமம் உள்ள ஆலையிலோ கடையிலோ பணம் கட்டி, அவர்களையே அனுப்பச் சொல்ல வேண்டும். கடைகளை அனுமதிக்கும் மாநிலங்கள் ஆலைகளை அனுமதிப்பவற்றைவிட மிகக் குறைவு என்பதால் முன்பே விசாரிப்பது நல்லது. பார்சல் வரும்போது 21 வயது நிரம்பிய ஒருவர் வீட்டில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். பரிசு என்று ரகசியமாக அனுப்பினால், ஆள் இல்லாத வீட்டிலிருந்து அது திரும்பிப் போய்விடும்!

வரி, வயது இரண்டும் நியாயமான கவலைகள்தான். ஆனால் கடையில் வாங்கிய பாட்டிலுக்கு வரி ஏற்கெனவே கட்டியாயிற்று. வயதைச் சரிபார்க்கத்தான் கையெழுத்து முறை இருக்கிறதே! ஆலை அனுப்பினால் சரி, அப்பா மகளுக்கு அனுப்பினால் தவறு என்பதற்கு இந்த இரண்டு காரணங்களும் போதவில்லை. இத்தனைக்கும் 24 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இல்லாத மதுவுக்கு, விமானத்தில் செக்-இன் பெட்டியில் வைக்க மத்திய விமான விதிகளில் அளவு வரம்பே கிடையாது. அதனால் அந்த அப்பா, போய்ச் சேரும் மாநிலத்தின் விதியை மட்டும் பார்த்துக்கொண்டு, பாட்டிலைத் துணிகளுக்கு நடுவே சுற்றி எடுத்துக்கொண்டு நேரிலேயே மகளைப் பார்த்துவிட்டு வரலாம்.