வாட்டம்

ஐப்பசி பிறந்தால் எங்கள் திருவொற்றியூர் வீட்டில் எல்லாருடைய கண்ணும் கூடத்து ஃபேன் கொக்கிக்குத்தான் போகும். கொக்கியைச் சுற்றி ஓதம் படர்ந்து, வெள்ளை பொரிந்து, பிறகு சொட்டத் தொடங்கும். மாடியில் அதற்கு நேர் மேலே ஒரு விரிசலும் கிடையாது. "தண்ணி ஒரு எடத்துல எறங்கும், வேற எடத்துல சொட்டும்மா" என்று அம்மாவிடம் சொன்ன கொத்தனார், கைப்பிடிச்சுவர் தளத்தைத் தொடும் மூலையில் தட்டோட்டைக் கரண்டிக் காம்பால் தட்டினார். பொக்கென்று சத்தம் வந்தது. அங்கே இறங்கிய மழை ஓட்டுக்கு அடியில் செங்கல் ஜல்லிக்குள்ளேயே ஊர்ந்து, கரண்ட் பைப் போன வழியாகக் கூடத்துக்கு வந்திருக்கிறது.

செங்கல் ஜல்லி என்றால் எனக்கு ராயபுரத்துப் பாட்டி வீடுதான். மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, மெல்லிய செங்கல்லை நிறுத்துவாக்கில் குறுக்குச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்த கூரை. அதன் மேல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். ஒரு கோடையில் அந்தத் தளத்தைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டார்கள். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டிக்கொண்டே நகர்வார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள், மறுபடி தட்டுவார்கள். கட்டை பட்டதும் எகிறித் திரும்பினால்தான் தளம் இறுகிவிட்டது என்று கணக்கு. சுண்ணாம்பு நிதானமாக இறுகுவது. அவசரப்பட்டு விட்டுவிட்டால் உள்ளே ஓட்டை நிற்கும். அந்தப் பெண்களுக்குக் கொத்தனாரைவிடக் குறைந்த கூலிதான். மழையை நிறுத்தியதென்னவோ அவர்கள் கை.

எங்கள் வீடு காங்கிரீட். கடற்காற்று கொண்டுவரும் உப்பு, ஈரத்தோடு சேர்ந்து கம்பி வரை இறங்கினால் துரு பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். காங்கிரீட்டை உள்ளேயிருந்து நெட்டும். அதனால் சொட்டுகிற தண்ணீரைவிடச் சொட்டாமல் உள்ளே தங்குகிற தண்ணீரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

இதை எழுதும்போது எங்கள் திருவொற்றியூரிலேயே உள்ள அரிவாக்குளம் நினைவுக்கு வராமல் இருக்காது. 2021 டிசம்பர் 27 அன்று அங்கே நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட பிளாக் சரிந்தது. விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. அடுக்கு வீடுகளில் மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. ஒழுகல் மட்டும் மேல்மாடிக்காரருக்கு. அவர் கொடுக்கிற புகாரைக் கட்டடம் முழுவதற்குமான புகாராக எடுத்துக்கொள்ள வேண்டும்.

தம்பி, "மேல ஷீட் போட்டுடலாம்மா" என்றான். அம்மா ஒப்பவில்லை. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது எங்கிருந்தோ பறந்து வந்த ஷீட் ஒன்று எங்கள் தண்ணீர்த் தொட்டியில் மோதியதை அவள் மறக்கவில்லை.

அதனால் தளத்தையே பெயர்த்தோம். கத்திரி வெயிலிலும் அடி ஜல்லி ஈரமாக இருந்தது. சட்டி சட்டியாக அதைச் சுமந்து இறக்கிய சித்தாளிடம், "கட்டையால் தட்டத் தெரியுமா?" என்று அம்மா கேட்டாள். அவருடைய தாயாருக்குத் தெரியுமாம். "எனக்கு சிமெண்ட் தூக்கத்தான் தெரியும்மா" என்றார். ஆனாலும் புது ஜல்லியைப் பரப்பியதும் கட்டையை வாங்கி அவரேதான் தட்டினார். ராயபுரத்துச் சத்தம் அளவுக்கு ஓங்கி வரவில்லை, தாளம் அதேதான்.

கொத்தனார் நூல் பிடித்துத் தண்ணீர் ஓட வாட்டம் பார்த்தார். கைப்பிடிச்சுவர் மூலையில் கலவையை உருட்டிப் பூசினார். ஓடு பதித்துச் சந்து அடைத்து, அது காய்ந்த பிறகு மழைநீர் பைப்பின் வாயைத் துணியால் அடைத்துத் தளம் முழுக்கத் தண்ணீர் கட்டினோம். கூடத்தில் ஒரு சொட்டும் இல்லை. துணியை எடுத்ததும் தண்ணீரெல்லாம் பைப்புக்கு ஓடியது. வடக்கு மூலையில் மட்டும் ஒரு தட்டு அளவு தேங்கி நின்றது. நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே கொத்தனார் அந்த ஓடுகளைப் பெயர்த்தார். அந்த வேலைக்குத் தனக்குக் கூலி வேண்டாம் என்றவர், சித்தாளுக்கு மட்டும் அன்றைய கூலியைக் குறைக்காமல் கொடுத்துவிடச் சொன்னார்.