ஒரே கார், ரெண்டு நாட்டு இன்சூரன்ஸ்

ஒரே ஃபேக்டரியில செஞ்ச, ஒரே மாடல் கார். சிங்கப்பெருமாள் கோவில்ல அதுக்கு ஒரு வருஷ இன்சூரன்ஸ் ஏழாயிரத்துச் சொச்சம் ரூபாய். இங்கிலாந்துல ரெண்டு லட்சத்துக்கு மேல.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? அதுக்கும் கேஷுவாலிட்டியில டியூட்டி பார்க்கிற எனக்கும் என்ன சம்பந்தம்? கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

என் கூட எம்.பி.பி.எஸ். படிச்ச நண்பன் பிளாப் தேர்வு எழுதி, போன வருஷம் இங்கிலாந்து போனான். அங்க அரசு மருத்துவமனையில வேலை. நைட் டியூட்டி முடிச்சு வர்ற நேரத்துக்கு பஸ் சரியா இல்லை, அதனால செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் வாங்கினான். 2015 மாடல் ஃபோர்டு ஈகோஸ்போர்ட்.

2014ல இருந்து 2017 வரைக்கும் ஐரோப்பாவுல வித்த ஈகோஸ்போர்ட் எல்லாம் எங்க பக்கத்து ஊரான மறைமலை நகர்ல செஞ்சு கப்பல் ஏறினது. அந்த ஃபேக்டரி 2022ல உற்பத்தியை நிறுத்திடுச்சு. அங்க வேலை பார்த்த எத்தனையோ பேர் இன்னும் இந்தப் பக்கம்தான் குடியிருக்காங்க. என்கிட்ட இருக்கிறதும் அதே வருஷத்து ஈகோஸ்போர்ட்தான். "ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருந்துச்சு மச்சி, அதான் வாங்கிட்டேன்"னான்.

கார் விலை நாலாயிரத்து ஐநூறு பவுண்டு. ஒரு வருஷ இன்சூரன்ஸ் எவ்வளவுன்னு ஆன்லைன்ல போட்டுப் பார்த்தா ரெண்டாயிரத்து நூறு பவுண்டு. கிட்டத்தட்ட பாதி கார் விலை!

"இது இன்சூரன்ஸா, வழிப்பறியா?"ன்னு வாட்ஸ்அப்ல கேட்டான்.

அதே வாரம்தான் நான் என் காருக்கு ரெனியூவல் பண்ணியிருந்தேன். ரெண்டு பேரோட பேப்பரையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தோம்.

நம்ம ஊர் கணக்கு முதல்ல.

கார் இன்சூரன்ஸ்ல ரெண்டு பங்கு இருக்கு. ஒண்ணு நம்ம காருக்கு ஆகுற சேதத்துக்கு. இன்னொண்ணு 'தேர்ட் பார்ட்டி', அதாவது நம்ம கார் மோதி இன்னொருத்தருக்கு ஆகுற பாதிப்புக்கு. சட்டப்படி கட்டாயம் இந்த ரெண்டாவது மட்டும்தான்.

தேர்ட் பார்ட்டி விலையை கம்பெனி முடிவு பண்றது இல்லை. அரசாங்கம் நிர்ணயிக்குது. 2022 ஜூன் 1ல இருந்து அமலுக்கு வந்த பட்டியல்ல, 1000 சிசி வரைக்கும் உள்ள சொந்த உபயோகக் காருக்கு 2,094 ரூபாய். 1000க்கு மேல 1500 வரைக்கும் 3,416. அதுக்கும் மேல 7,897. இதோட ஜி.எஸ்.டி. சேரும்.

கவனிச்சீங்களா? இதுல எஞ்சின் எவ்வளவு பெருசுன்னு மட்டும்தான் கணக்கு. ஓட்டுறவர் நேத்து லைசென்ஸ் வாங்கினவரா, முப்பது வருஷமா ஓட்டுறவரா, கேள்வியே கிடையாது.

நம்ம காரோட சேதத்துக்கான பங்குல காரோட வயசு, மதிப்பு, பதிவான மண்டலம் எல்லாம் பார்ப்பாங்க. க்ளெய்ம் பண்ணாம ஓட்டினா 'நோ க்ளெய்ம் போனஸ்' உண்டு. முதல் வருஷம் 20 சதவீதத்துல ஆரம்பிச்சு, அஞ்சு வருஷத்துல 50 சதவீதம் வரைக்கும் தள்ளுபடி. ஆனா அது இந்தப் பங்குக்கு மட்டும்தான். தேர்ட் பார்ட்டிக்கு தள்ளுபடி கிடையாது.

இன்னொரு பெரிய வித்தியாசம். நம்ம ஊர்ல இன்சூரன்ஸ் வண்டியைப் பின்தொடரும். என் காரை என் மச்சான் எடுத்துட்டுப் போனாலும், அவர்கிட்ட சரியான லைசென்ஸ் இருந்தா பாலிசி செல்லும். இங்கிலாந்துல பெரும்பாலும் ஆளைப் பின்தொடரும். பாலிசியில யார் பேர் இருக்கோ அவங்கதான் ஓட்டலாம். பேர் இல்லாதவர் ஸ்டீயரிங் பிடிச்சா அது இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டின குற்றம். போலீஸ் பிடிச்சா 300 பவுண்டு அபராதம், லைசென்ஸ்ல 6 பாயிண்ட், காரையே தூக்கிட்டும் போகலாம்.

ஆளைப் பார்த்து விலை போடுறதால, அவன்கிட்ட கேட்ட கேள்விகளும் ஆளைப் பத்தினதுதான். வயசு என்ன, வேலை என்ன, எந்த நாட்டு லைசென்ஸ், ராத்திரி காரை எந்த பின்கோடுல நிறுத்துவீங்க, வருஷத்துக்கு எத்தனை மைல் ஓட்டுவீங்க. ஆணா பெண்ணான்னு பார்த்து மட்டும் விலையை மாத்தக் கூடாது. 2012 டிசம்பர் 21ல இருந்து அதுக்குத் தடை.

இந்திய லைசென்ஸை வெச்சு அங்க 12 மாசம் ஓட்டலாம். அப்புறம் அவங்க நாட்டு எழுத்துத் தேர்வு, ஓட்டுநர் தேர்வு ரெண்டும் பாஸ் பண்ணணும். நம்ம லைசென்ஸை நேரடியா மாத்திக்க முடியாது. நம்ம ஊர் நோ க்ளெய்ம் போனஸையும் அங்க பெரும்பாலான கம்பெனிகள் ஏத்துக்கிறது இல்லை.

ஜி.எஸ்.டி. ரோட்டுல, பெருங்களத்தூர் நெரிசல்ல, எட்டு வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டினவன் என் நண்பன். உலகத்துல வேற எங்க வேணா ஓட்டலாம்னு அதுக்கே ஒரு சர்ட்டிஃபிகேட் தரணும். ஆனா அங்க அவனுக்கு அனுபவம் பூஜ்யம். பதினெட்டு வயசுப் பையனுக்குப் பக்கத்துல உட்கார வெச்சுட்டாங்க.

அந்த நேரத்துலதான் அங்க பல வருஷமா இருக்கிற ஒருத்தர் அவனுக்கு ஒரு வழி சொன்னார். "என் பேர்ல பாலிசி எடுத்துக்கலாம். நான்தான் முக்கிய ஓட்டுநர், நீ எப்பவாவது ஓட்டுறவன்னு போட்டுடலாம். பாதிக்குப் பாதி குறையும். எல்லாரும் பண்றதுதான்."

இதுக்கு அங்க 'ஃப்ரண்டிங்'னு பேர். சட்டப்படி மோசடி. அவனுக்கும் அது தெரியும். இருந்தாலும் ஆயிரம் பவுண்டு சும்மாவா? புதுசா போன ஊர், வீட்டு அட்வான்ஸ், குழந்தைக்கு குளிர்கால உடுப்பு, ஊருக்கு அனுப்ப வேண்டிய கடன் தவணை. "நீ என்ன சொல்ற?"ன்னு என்கிட்ட கேட்டான்.

நான் அவனுக்கு அட்வைஸ் எதுவும் பண்ணலை. நான் டியூட்டியில இருந்தப்ப வந்த ஒரு கேஸைச் சொன்னேன்.

நாப்பது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ரோட்டைக் கடக்கும்போது பைக் மோதிடுச்சு. முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பும் முறிஞ்சு, எலும்பு வெளிய தெரியுற காயம்.

மோதின பையன் ஓடிப் போகலை. அவனேதான் ஆட்டோ பிடிச்சு கூட்டிட்டு வந்தான். சாப்பாடு டெலிவரி பண்ற பையன். தன் கையில சிராய்ச்சு ரத்தம் வர்றதைக் கூட கவனிக்காம ஸ்ட்ரெச்சர் தள்ளினான்.

சிகிச்சைக்கு ஒரு குறையும் இல்லை. அரசு மருத்துவமனையில ஆபரேஷன் ஆச்சு, கம்பி வெச்சாச்சு, ஒரு பைசா செலவு இல்லை. விபத்துன்னா தமிழ்நாட்டுல தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் 48 மணி நேரத்தை அரசு பார்த்துக்கும். 2021 டிசம்பர் 18ல எங்க மாவட்டத்து மேல்மருவத்தூர்லதான் அந்த 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கினாங்க. எத்தனையோ உயிர் அதனால நின்னிருக்கு.

ஆனா எலும்பு கூடுறதுக்கு மாசக்கணக்குல ஆகும். கான்ட்ராக்ட் வேலையில வராத நாளுக்கு சம்பளம் இல்லை. அந்தம்மா என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "டாக்டர் சார், இன்சூரன்ஸ்ல ஏதாச்சும் கிடைக்குமா?"

பையனோட பைக் 2019ல வாங்கினது. புது டூவீலருக்கு 2018 செப்டம்பர்ல இருந்து அஞ்சு வருஷ தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை வாங்கும்போதே சேர்த்துக் கட்டிடுவாங்க. அதனால அஞ்சு வருஷம் அதைப் பத்தி யாரும் நினைக்கிறதே இல்லை. ஆறாவது வருஷம் அது தீர்ந்து போனதும் தெரியறது இல்லை. பையனோட பாலிசி முடிஞ்சு நாலு மாசம் ஆகியிருந்துச்சு.

75 சிசிக்கு மேல 150 சிசி வரைக்கும் உள்ள பைக்குக்கு தேர்ட் பார்ட்டி 714 ரூபாய். ஜி.எஸ்.டி. சேர்த்தா 843.

அந்த 843 ரூபாய் கட்டியிருந்தா, அடிபட்டவருக்கு தீர்ப்பாயம் எவ்வளவு நஷ்டஈடு சொல்லுதோ அவ்வளவையும் கம்பெனி கொடுத்தாகணும். உயிருக்கும் உடம்புக்கும் ஆகுற பாதிப்புக்கு நம்ம நாட்டு தேர்ட் பார்ட்டி பாலிசியில உச்சவரம்பே கிடையாது. கட்டலைன்னா? முழுத் தொகையும் வண்டி ஓனர் தலையில. அதாவது, டெலிவரிக்கு இவ்வளவுன்னு சம்பாதிக்கிற அந்தப் பையன் தலையில. தீர்ப்பு வரும். பணம் எங்கிருந்து வரும்?

இதுல ஒரு கொடுமை என்னன்னா, மோதிட்டு நிக்காம ஓடின, அடையாளமே தெரியாத வண்டியா இருந்தா அரசு நிதியில இருந்து இழப்பீடு உண்டு. 2022 ஏப்ரல்ல இருந்து உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000. பெரிய தொகை இல்லைதான். ஆனா அடையாளம் தெரிஞ்ச, இன்சூரன்ஸ் இல்லாத வண்டின்னா அந்த இழப்பீடும் கிடையாது. ஓனர்கிட்ட இருந்தா வாங்கிக்கலாம், அவ்வளவுதான். ஓடினவனுக்குப் பதிலா நிதி பேசும். நின்னவனுக்குப் பதிலா பேச யாரும் இல்லை.

அந்தப் பையன் கெட்டவன் இல்லை. அடிபட்டவர் மேலயும் தப்பு இல்லை. ரெண்டு குடும்பமும் விழுந்துச்சு.

இங்கிலாந்துல இதுக்கு வேற ஏற்பாடு. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி, ஓடிப்போன வண்டி ரெண்டுக்கும் நஷ்டஈடு கொடுக்க 1946லயே எல்லா இன்சூரன்ஸ் கம்பெனிகளும் சேர்ந்து ஒரு அமைப்பை உருவாக்கிட்டாங்க. அதுக்கான செலவு எல்லாரோட பிரீமியத்துலயும் கலந்திருக்கு. இன்னும் ஒண்ணு சொல்றேன், டாக்டரா எனக்கு ரொம்பப் பிடிச்சது: விபத்துல அடிபட்டவர் நஷ்டஈடு வாங்கினா, அவருக்குப் பார்த்த வைத்தியச் செலவை அரசு மருத்துவத்துறை அந்த இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட இருந்து வசூல் பண்ணிக்கும்.

அங்க பொய் சொல்லி பாலிசி எடுத்தவர் மோதினாலும், அடிபட்டவருக்குப் பணம் போயிடும். அப்புறம் கம்பெனி பொய் சொன்னவர்கிட்ட அதைத் திருப்பிக் கேட்கும். அங்க விதி மீறினதுக்கு விலை கொடுக்கிறது மீறினவன். நம்ம ஊர்ல விலை கொடுக்கிறது ரோட்டைக் கடந்தவர்.

ரெண்டாயிரத்து நூறு பவுண்டு நியாயமான விலைன்னு நான் சொல்லலை. புதுசா வந்தவன்கிறதுக்காக அவ்வளவு வாங்குறது அதிகம்தான். நம்ம 3,416 ரூபாய் ஏமாத்து வேலைன்னும் சொல்லலை. சாதாரண மனுஷன் கட்டக்கூடிய விலையில அரசு வெச்சிருக்கிறது நல்ல விஷயம். ஆனா இவ்வளவு கம்மியா இருந்தும் நம்ம நாட்டு ரோட்டுல ஓடுற வண்டிகள்ல பாதிக்கும் மேல இன்சூரன்ஸ் இல்லாமத்தான் ஓடுது. அதிலயும் பெரும்பங்கு டூவீலர்.

பிரீமியத்தை நாம காருக்கான செலவா பார்க்கிறோம். அதுல கட்டாயமான பங்கு காருக்கானதே இல்லை. நாம இன்னும் பார்த்திராத ஒரு மனுஷனுக்கானது.

நண்பன் ரெண்டு நாள் கழிச்சு மெசேஜ் பண்ணான். தன் பேர்லயே எடுத்துட்டான். எப்படி ஓட்டுறான்னு பதிவு பண்ற 'பிளாக் பாக்ஸ்' கருவியைக் கார்ல மாட்டிக்கிற திட்டம், அதனால கொஞ்சம் குறைஞ்சுது. அந்த நாட்டு லைசென்ஸ் தேர்வுக்கும் நாள் வாங்கிட்டான்.

இனி நீங்க செய்ய வேண்டியது.

1. எம்பரிவாகன் ஆப்ல உங்க வீட்டுல இருக்கிற எல்லா வண்டி நம்பரையும் போட்டுப் பாருங்க. அப்பாவோட டிவிஎஸ் எக்ஸ்எல், காலேஜ் போற பொண்ணோட ஸ்கூட்டி எல்லாத்தையும். முக்கியமா, வாங்கி அஞ்சு வருஷம் தாண்டின டூவீலர்.

2. ஃபுல் இன்சூரன்ஸுக்குப் பணம் இல்லைன்னா பரவாயில்லை. தேர்ட் பார்ட்டி மட்டுமாவது போடுங்க. இல்லாம பிடிபட்டா முதல் தடவை அபராதமே 2,000 ரூபாய்.

3. பழைய வண்டியை வித்தா ஆர்.சி. புக்ல பேர் மாத்துற வரைக்கும் விடாதீங்க. ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவர்தான் சட்டத்தோட கண்ணுல ஓனர். வாங்கினவர் மோதினாலும் நஷ்டஈடு உங்களைத் தேடி வரும்.

4. விபத்துன்னா ஆஸ்பத்திரியில ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல பதிவு பண்ணச் சொல்லுங்க, எஃப்.ஐ.ஆர். காப்பி வாங்குங்க. ஸ்டேஷன் வாசல்லயே பேசி முடிச்சுக்காதீங்க. நஷ்டஈடு மனுவுக்கு சட்டத்துல ஆறு மாசக் கெடு சேர்த்திருக்காங்க, தள்ளிப் போடாதீங்க.

5. வெளிநாடு போறவங்க காரை வித்துட்டு, கம்பெனிகிட்ட நோ க்ளெய்ம் போனஸ் லெட்டர் வாங்கி வெச்சுக்கோங்க. மூணு வருஷத்துக்குள்ள திரும்பி வந்து கார் வாங்கினா அந்தத் தள்ளுபடி உங்களுக்குத்தான். அங்க சம்பாதிச்ச நோ க்ளெய்ம் போனஸுக்கும் சான்று வாங்கிட்டு வாங்க. அங்க பாலிசி முடிஞ்சு மூணு வருஷத்துக்குள்ள இங்க எடுத்தா அதையும் ஏத்துக்க நம்ம விதியில இடம் இருக்கு.

அந்த நோயாளி இப்போ வாக்கர் வெச்சு நடக்கிறார். செக்கப்புக்கு அவரைக் கூட்டிட்டு வர்றது அந்த டெலிவரி பையன்தான், ஒவ்வொரு தடவையும். வழக்கு நடந்துட்டு இருக்கு.

முதல்ல சொன்ன ஆப் வேலை ரெண்டு நிமிஷம்தான் ஆகும். இன்னிக்கே பார்த்துடுங்க.