பீலித் தண்ணீர்

கம்பளையில் ஒரு கலியாண வீடு. பந்தலில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் தண்ணீர்க் கிளாசுகளைத் தட்டில் ஏந்தி வந்தார்கள். என் பக்கத்திலிருந்த வயதான மாமி ஒருவர் கிளாசைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை. "கொதிக்க வெச்சதா மகள்?" என்று கேட்டார். "ஓம் மாமி, கொதித்தாறின தண்ணிதான்" என்று பதில் வந்த பின்னரே பிஸ்மில்லாஹ் சொல்லி அருந்தினார்.

கலியாண வீட்டில் இப்படிக் கேட்பதா என்று எனக்குச் சற்றுச் சங்கடமாக இருந்தது. அவரே காரணத்தைச் சொன்னார். 2007ஆம் ஆண்டில் கம்பளைப் பகுதியில் செங்கமாரி பரவியதை அவர் கண்டவர். ஹெபடைட்டிஸ் ஏ என்ற கிருமியால் வரும் நோய் அது. நூற்றுக்கணக்கானோர் படுக்கையில் விழுந்தார்கள். எல்லோருடைய சந்தேகமும் குடிநீரின் மீதே விழுந்தது. "கண் மஞ்சளாகின பிறகுதானே தெரிய வருகுது. அதுக்குள்ள எத்தனை கிளாஸ் குடிச்சிருப்பம்!" என்றார் மாமி.

உண்மைதான். இந்தக் கிருமி உடலில் புகுந்து நோய் வெளித்தெரிய 15 முதல் 50 நாட்கள் வரை ஆகும். பெரும்பாலும் ஒரு மாதம். நோயாளியைப் பார்த்துவிட்டு நாம் குழாயைச் சந்தேகிக்கும்போது, குற்றவாளியான தண்ணீர் எப்போதோ ஓடி மறைந்திருக்கும்!

ஆற்றோடு ஒரு பயணம்

மறுநாள் காலை நானும் கணவரும் சாச்சி வீட்டுக்குப் புறப்பட்டோம். சாச்சியின் ஊர் அக்குறணைக்கு அப்பால், ஒரு மலைச்சரிவில் இருக்கிறது. கம்பளையிலிருந்து பேராதனை, கண்டி, கட்டுகஸ்தோட்டை வழியாகப் போக வேண்டும். மாமியின் கேள்வி மனதில் கிடந்ததாலோ என்னவோ, அன்று ஜன்னலோரம் அமர்ந்து நான் பார்த்ததெல்லாம் தண்ணீரைத்தான்.

மகாவலி கங்கை நாட்டின் மிக நீளமான ஆறு. 335 கிலோ மீற்றர். கம்பளையைத் தாண்டி வரும் அது, பேராதனைப் பூங்காவை மூன்று பக்கமும் அணைத்தபடி வளைகிறது. சற்றுத் தள்ளிக் கெட்டம்பே. அங்கேதான் ஆற்று நீரை எடுத்துச் சுத்திகரித்துக் கண்டி நகருக்கு அனுப்புகிறார்கள். அதே கெட்டம்பேப் பக்கமாகவே மெத எலவும் வந்து ஆற்றில் விழுகிறது. மெத எல என்பது கண்டி வாவியிலிருந்து புறப்பட்டு, நகரின் நடுவே ஓடிவரும் கால்வாய். கடைகளும் வீடுகளும் கழித்துவிட்டவை எல்லாம் அதற்குள் இருக்கும்.

கண்டியில் இறங்கி வாவிக்கரையில் சிறிது நேரம் நடந்தோம். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டுவித்த வாவி. வெள்ளை மதில், மர நிழல், மெல்லிய குளிர். சுப்ஹானல்லாஹ், என்ன அழகு! ஆனால் 1999ஆம் ஆண்டில் இந்த வாவி பாசி பூத்துப் பச்சைப் போர்வை போர்த்துக் கிடந்தது. அது சாதாரணப் பாசியல்ல. நஞ்சை உண்டாக்கக்கூடிய மைக்ரோசிஸ்டிஸ் என்ற இனம். கழிவோடு வந்து சேரும் ஊட்டங்களைத் தின்றுதான் அது அப்படிப் பெருகுகிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். இந்தப் பாசியின் நஞ்சு போகாது. கண்ணுக்கு அழகான தண்ணீரெல்லாம் குடிக்கத் தக்கதல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இதே நகரின் விளிம்பில் இன்னொரு காட்சியும் உண்டு. துனுமடலாவக் காட்டில் ஆங்கிலேயர் காலத்து நீர்த்தேக்கங்கள் இரண்டு இருக்கின்றன. நகருக்குக் குடிநீர் வேண்டும் என்பதற்காகவே அந்த மலைச்சரிவைக் காடாக விட்டுவைத்தார்கள். தண்ணீரைக் காப்பது தண்ணீருக்குள் இல்லை, அதற்கு மேலுள்ள மண்ணில் இருக்கிறது என்று அன்றே விளங்கியிருந்தார்கள்!

கழிவும் குடிநீரும் ஒரே ஆற்றில்

கண்டியைச் சுற்றி வளைந்து வடக்கே திரும்பும் ஆற்றின் கரையில்தான் கோஹாகொட குப்பை மேடு இருக்கிறது. நகரின் குப்பை பல பத்தாண்டுகளாக அங்கே கொட்டப்பட்டது. மழை பெய்தால் அதன் ஊறல் நீர் ஆற்றுக்கே வடியும். அப்படி வடிந்த ஆறுதான் கட்டுகஸ்தோட்டைக்கு வருகிறது. அங்கே ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்ட பெரிய சுத்திகரிப்பு நிலையம் அந்த ஆற்று நீரை எடுக்கிறது. சேற்றைப் படிய வைத்து, மணலில் வடித்து, குளோரின் இட்டு அனுப்புகிறார்கள். அவர்கள் வேலையைக் குறை சொல்வதற்கில்லை. நாம் எவ்வளவு அழுக்கை விடுகிறோமோ, அவ்வளவு பாரம் அவர்கள் தலையில். நகரின் கழிவு நீரைச் சுத்திகரிக்கவும் ஜப்பானிய உதவியோடு கன்னொறுவையில் ஒரு நிலையம் அமைக்கப்பட்டது. பிந்தியாவது வந்ததே, அல்ஹம்துலில்லாஹ்.

கட்டுகஸ்தோட்டையில் மகாவலியோடு இன்னொரு சிற்றாறும் சேர்கிறது. அதுதான் பிங்கா ஓயா. அக்குறணையின் நடுவே ஓடி வரும் ஆறு. பெருமழைக்குப் பொங்கிக் கடைத்தெருவுக்குள் புகுந்துவிடுவதால் நாடே அறிந்த ஆறு. வெள்ளம் வடிந்த பின்னர் கரையோரச் செடிகளில் பொலித்தீன் பைகள் கொடி போலத் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அதற்குச் சற்றுக் கீழே பொல்கொல்ல அணை. 1976 முதல் மகாவலி நீரின் ஒரு பகுதி அங்கிருந்து 8 கிலோ மீற்றர் சுரங்கம் வழியாக உக்குவெலைக்குப் போய், மின்சாரம் தந்து, வடமத்திய மாகாணத்துக் குளங்கள் வரை செல்கிறது. அக்குறணையில் ஒருவர் ஓடையில் எறிந்தது எவ்வளவு தூரம் பயணம் போகிறது பாருங்கள்!

சாச்சியின் ஊர்

சாச்சி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அஸர் நேரம். சிறு வயதில் விடுமுறைக்கு வந்தால் நேராகப் பீலிக்குத்தான் ஓடுவோம். மலை இடுக்கில் ஊறும் ஊற்று. மூங்கிலைப் பிளந்து வைத்த பீலி. ஐஸ் போன்ற தண்ணீர். இன்று பீலி இல்லை. ஊற்றடியில் ஒரு தாங்கி கட்டி, ஊர்ச் சங்கத்தார் ஏறக்குறைய அறுபது வீடுகளுக்குக் குழாய் இழுத்திருக்கிறார்கள்.

நான் குழாயைத் திறந்து கையில் ஏந்தப் போனேன். "குடிக்காத மகள்!" என்று சாச்சி கையைப் பிடித்துவிட்டார்.

விசயம் இதுதான். முந்தைய மாதம் மழை அடித்து ஓய்ந்த பின், பிள்ளைகள் பலருக்கு வயிற்றோட்டம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து தண்ணீரில் மாதிரி எடுத்துப் போனார். அறிக்கையில் ஈ. கோலை கிருமி இருப்பதாக வந்தது. மலம் கலந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். எஸ்.எல்.எஸ். 614 என்ற இலங்கைத் தரப்படி, 100 மில்லி லீற்றர் குடிநீரில் அந்தக் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ஊற்றுக்கு மேலே ஒரே ஒரு வீடு. கணவனை இழந்த ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும். அவருடைய மலசலகூடக் குழி ஊற்றுக்கு நேர் மேலே இருந்தது. அவ்வளவுதான், ஊர் இரண்டுபட்டது! அவரை அங்கிருந்து எழுப்ப வேண்டும் என்றனர் சிலர். "எங்கட வாப்பா காலத்துல இருந்து குடிச்ச தண்ணி, ஒண்டும் ஆகாது" என்றனர் வேறு சிலர். குளோரின் போடலாம் என்றால், "மணக்கும், தேத்தண்ணி ருசிக்காது" என்றனர் இன்னும் சிலர்.

"அந்தப் புள்ள கண்ணீரோட வந்து நிண்டா. எனக்கு நெஞ்சு பொறுக்கல்ல" என்றார் சாச்சி. "மேல இருக்கிறவட குழி எங்களுக்குக் கேடு எண்டு சொல்றம். எங்கட குசினித் தண்ணி, குளிக்கிற தண்ணி, சில வீட்டுக் குழிட ஊறல், எல்லாம் எங்க போகுது? ஓடைக்கு. ஓடை எங்க போகுது? பிங்கா ஓயாவுக்கு. அங்கயும் எங்களுக்குக் கீழ ஆக்கள் இருக்காங்கதானே!"

எனக்குச் சுருக்கென்றது. கம்பளையிலிருந்து அதுவரை ஜன்னல் வழியே நான் பார்த்து வந்ததை, படிக்காத என் சாச்சி இரண்டு வரியில் சொல்லிவிட்டார். நாம் ஒவ்வொருவரும் ஒருவருக்குக் கீழே இருக்கிறோம். இன்னொருவருக்கு மேலே இருக்கிறோம். கீழே இருக்கும்போது நமக்கு உரிமை ஞாபகம் வருகிறது. மேலே இருக்கும்போது கடமை மறந்துபோகிறது.

பள்ளிவாசலில்

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசலில் கூட்டம். கணவரும் போயிருந்தார். இமாம் நீண்ட பயான் செய்யவில்லையாம். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததையும், நீர்த்துறையிலும் பாதையிலும் நிழலிலும் மலம் கழிப்பது சாபத்தைத் தேடித் தரும் என்று எச்சரித்ததையும் ஞாபகப்படுத்தினார். பிறகு உஸ்மான் (ரழி) அவர்கள் மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கியதைச் சொன்னார். "அவங்க கிணறு வாங்கினாங்க. நாங்க ஒரு குழியை மாத்திக் கொடுக்க ஏலாதா?" என்று கேட்டு அமர்ந்துவிட்டாராம்.

முடிவு எளிதாக வரவில்லை. பணம் என்றதும் சிலர் எழுந்து போனார்கள். இறுதியில், ஊர்ச் செலவில் அந்தப் பெண்ணுக்கு ஊற்றை விட்டு விலகிய சரிவில் கசியாத தொட்டியோடு புதிய மலசலகூடம் கட்டுவது என்று தீர்மானித்தார்கள். எந்த இடம் என்பதைப் பரிசோதகர் மண்ணைப் பார்த்துச் சொல்வார். ஊற்றுக்கு மேலுள்ள நிலத்துக்கு வேலி. தாங்கிக்கு மூடியும், அளந்து இடும் குளோரினும். இத்தகைய ஊர்ச் சங்கங்களுக்கு உதவவென்றே 2014இல் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் அமைக்கப்பட்டது. அதனிடமும் ஆலோசனை கேட்பது.

இரண்டு மாதம் கழித்துச் சாச்சி தொலைபேசியில் பேசினார். புதிய அறிக்கை நல்லபடி வந்துவிட்டதாம். "ஓடை என்ன ஆச்சு சாச்சி?" என்றேன். சற்று மௌனம். "அது இன்னும் அப்படியேதான் மகள். அடுத்த கூட்டத்துல பேசணும்" என்றார்.

நம் வீட்டுக் குசினியில்

சகோதரிகளே, ஊர் திருந்தும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. தண்ணீரைக் குமிழி விட்டு நன்றாகக் கொதிக்கும் வரை காய்ச்சுங்கள். ஒரு நிமிடம் அப்படிக் கொதித்தால் போதும். ஆறிய பின் மூடிய பாத்திரத்தில் வையுங்கள். கையையோ கோப்பையையோ உள்ளே விடாதீர்கள். இரவில் பாத்திரங்களை மூடி வைக்கச் சொன்ன மார்க்கமல்லவா நம்முடையது! துணியில் வடிப்பதும் சாதாரண வடிகட்டியும் சேற்றை நிறுத்தும். செங்கமாரிக் கிருமியை நிறுத்தாது.

தண்ணீர் நின்று நின்று வரும் ஊர்களில் இன்னும் கவனம் தேவை. குழாயில் அழுத்தம் இல்லாதபோது, வெடிப்புகள் வழியாக வெளியே உள்ள அழுக்கு நீர் உள்ளே உறிஞ்சப்படும். ஆகவே மீண்டும் வரும் முதல் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காமல் கழுவப் பயன்படுத்துங்கள். கூரைத் தாங்கியை அவ்வப்போது இறக்கிக் கழுவுங்கள். இலேசான குளோரின் மணம் வந்தால் முகம் சுளிக்காதீர்கள். காவலாளி விழித்திருக்கிறான் என்று அதற்கு அர்த்தம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்குப் பின்னால் ஒரு நாள் போய்ப் பாருங்கள். நம் கழிவு நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? அது போய்ச் சேரும் இடத்தில் யார் குடிக்கிறார்கள்? முஸ்லிமோ, சிங்களவரோ, தமிழரோ, அவர் நம் அண்டை வீட்டார்தான். தண்ணீர் வழியாக வந்த அண்டை வீட்டார்.

உயிருள்ள அனைத்தையும் நீரிலிருந்து படைத்த அல்லாஹ், அந்த நீரை அமானிதமாகக் காக்கும் மனதையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.