மஞ்சள் கௌஸ்லிப்பில் ஒரு சிவப்பு

இங்கிலாந்தின் புல்வெளிகளில் ஏப்ரல், மே மாதங்களில் பூக்கும் கௌஸ்லிப் மஞ்சள் நிறத்தது. இவ்வசந்தத்தில் எங்கள் வேலியோரம் தானாக முளைத்த செடியொன்று செம்பழுப்பாகப் பூத்தது. "நோயா, வாப்பா?" என்றாள் மகள். நோயன்று, தோட்டத்துப் பிரிமுலாவுடன் நேர்ந்த கலப்பு.

இவ்வினத்தில் செடிகள் இருவகை. சிலவற்றில் சூலகமுடி பூவின் வாயிலும் மகரந்தப்பைகள் கீழேயும் இருக்கும், மற்றவற்றில் தலைகீழ். ஒரு வகையின் மகரந்தம் மறுவகையைச் சேரும்போதே விதை நன்கு பிடிக்கும் என 1862இல் சார்லஸ் டார்வின் எழுதினார். பிற செடியை நாடும் இவ்வமைப்பில் கலப்பு எளிதன்றோ?

அச்சிவப்பின் வேரோ இன்னும் தொலைவில். 17ஆம் நூற்றாண்டில் துருக்கிப் பக்கமிருந்து வந்த ஊதாப் பிரிம்ரோஸின் வண்ணமே தோட்டச் செடிகளில் இறங்கியது. 'வந்தேறி' என்னும் சொல்லைக் கேட்டுப் பழகிய நமக்கு இச்செய்தி சற்றே இனிக்கத்தான் செய்கிறது.

ஆயினும் வேலிக்கு அப்பால் பழைய புல்வெளி. அங்கே காட்டுக் கௌஸ்லிப்புகள். தோட்டக் கலப்பு பரவினால் அவற்றின் இயல்பு கரைந்துபோகும். மனிதருக்குரிய நியாயத்தைச் செடிக்கு அப்படியே பொருத்த இயலாது. பிடுங்கியெறிய மகள் விடவில்லை. பூக்களைக் கொய்து குவளையிலிட்டு, செடியைத் தொட்டிக்கு மாற்றினோம். அடுத்த ஆண்டு மொட்டு கட்டியதும், இன்ஷா அல்லாஹ், சன்னலுக்கு உள்ளே வைப்போம்; தேனீக்கள் ஏமாறட்டும்.