வண்டியின் உள்ளிடம்

சப்ரகமுவத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்தோர்க்குக் 'கார்', 'ஜீப்' என்னும் இரு சொற்களே நெடுங்காலம் போதுமாயிருந்தன. தாழ்ந்திருப்பது கார்; உயர்ந்திருப்பது ஜீப். எந்தக் கம்பனி செய்தது என்பது பற்றிக் கவலையில்லை. லாண்ட் ரோவரும் அவர்களுக்கு ஜீப்பே. கார் வைத்தியருக்கும் பட்டணத்து முதலாளிக்கும் உரியது. ஜீப் துரைக்கு உரியது. உயர்ந்ததனுள்ளே இடமும் சுகமும் மிகுந்திருக்கும் என்பது அதில் ஏறிப் பார்த்திராதோர் கொண்டிருந்த முடிபு. ஏறிப் பார்த்தோருட் பலரும் அம்முடிபையே இன்றுவரை கைவிடாதிருப்பதுதான் வியப்பு.

இவ்விரு குலத்துக்கும் நல்ல எடுத்துக்காட்டுகள் 1948ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டன. அவ்வாண்டு ஏப்ரலில் லாண்ட் ரோவர் அம்ஸ்ரடாம் கண்காட்சியிலும், சில மாதங்களின் பின்னர் மொறிஸ் மைனர் இலண்டன் கண்காட்சியிலும் வெளியிடப்பட்டன. இரண்டும் இலங்கைக்கு வந்தன. இரண்டும் இன்றும் ஆங்காங்கே ஓடுகின்றன. மொறிஸ் மைனரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம் 86 அங்குலம். 1958இல் வந்த இரண்டாம் வரிசை லாண்ட் ரோவரின் குறுகிய வகையில் அது 88 அங்குலம். வித்தியாசம் இரண்டே அங்குலம். முழு நீளத்தைப் பார்த்தால், மைனர் ஏறக்குறைய 148 அங்குலம். லாண்ட் ரோவர் 142. பெரியதாகத் தோன்றிய வண்டியே நீளத்திற் குட்டையானது.

மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் உள்ளே இருப்பவரை எண்ணி வெளிப்புறத்தை வரைந்தவர். எந்திரத்தை முன்னே தள்ளினார். அக்காலத்துக்குச் சிறியனவான 14 அங்குலச் சக்கரங்களைப் பூட்டினார். வண்டி முற்றுப்பெறும் தறுவாயில், அகலம் போதவில்லையெனக் கண்டு மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாகப் பிளந்து நடுவே நான்கு அங்குலம் சேர்த்தார். முன்னரே செய்து வைத்திருந்த மோதுதாங்கிகளையும் நடுவே வெட்டி ஒட்டுப் போட வேண்டியதாயிற்று. ஒட்டுத் தெரிந்தாலும் பாதகமில்லை, தோள்கள் இடிபடலாகாது என்ற எண்ணம் அது. லாண்ட் ரோவரோ பண்ணை வேலைக்காகப் பிறந்தது. முன்வரிசையில் மூவர் இருக்கலாம் என்பது கணக்கு. நடுவில் இருப்பவரின் முழங்கால்கள் கியர்த் தண்டுகளோடு வழக்காட வேண்டும். பின்னே, சக்கரப் பெட்டிகளின்மீது பலகைபோன்ற இருக்கைகள் இருபுறமும் எதிரெதிராக அமைந்திருக்கும். அங்கே பக்கவாட்டில் அமர்ந்து செல்பவர் வளைவுதோறும் அயலவர்மீது சரிவதைத் தவிர வேறு வழியில்லை.

இக்கதை பழங்கதையன்று. இன்றைய டொயோட்டா கொறோலாவின் அச்சிடைத் தூரம் 2700 மில்லிமீற்றர். 2009இல் வெளிவந்த லாண்ட் குறூசர் பிராடோவில் அது 2790. கார் இரு வரிசைக்குப் பகிர்ந்துகொள்ளும் தூரத்தை, ஒன்பது சென்ரிமீற்றர் மட்டும் கூடுதலாகப் பெற்ற பிராடோ மூன்று வரிசைக்குப் பகிர முயல்கின்றது. முயற்சியின் சுமை மூன்றாம் வரிசையிலே விழுகின்றது. பாரமான இரும்புச் சட்டகம் அடியில் ஓடுவதாலும், பின் அச்சு மேலெழுந்து தாழ இடம் வேண்டுவதாலும் தளம் உயர்ந்துவிடுகின்றது. கூரை அதே அளவுக்கு உயர்வதில்லை. ஆகவே அங்கே அமர்பவரின் முழங்கால் மார்பை நோக்கி எழும். தொடை மெத்தையிற் படியாது. உடலின் பாரம் முழுவதும் இடுப்பில் இறங்கும். கொறோலா 1983இல் முன்சக்கர இழுவைக்கு மாறியபின், பின்சக்கரத்துக்குச் செல்லும் சுழல்தண்டுக்கென நடுவே எழுந்திருந்த மேட்டைப் பெரிதும் குறைத்துக்கொண்டது. கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் ஏறக்குறைய 100 கிலோமீற்றரையும் அதன் பின்னிருக்கையிற் கடப்பவர் கால் மரத்துப்போகாமல் இறங்கலாம்.

உயரத்திற்கு வேறொரு விலையும் உண்டு. வளைவிலே வண்டி 5 பாகை சரிவதாகக் கொள்வோம். தரையிலிருந்து 120 சென்ரிமீற்றர் உயரத்திலுள்ள தலை பத்துச் சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் அசையும். 150 சென்ரிமீற்றரிலுள்ள தலை 13 சென்ரிமீற்றர் அசையும். பலாங்கொடையிலிருந்து பொகவந்தலாவைக்கு ஏறும் பாதையில் இவ்வசைவு எத்தனை முறை நிகழுமென்பது குமட்டலால் அவதியுறும் சிறுவர்க்கே தெரியும். எனினும் தோட்டத்துக்குள் திரும்பியதும் வாதம் தலைகீழாகின்றது. இரத்தினபுரியில் ஆண்டுதோறும் 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. அம்மழை அரித்த கல்லுப் பாதையிலே தாழ்ந்த காரின் அடிவயிறு உரசும். மெத்தை எவ்வளவு மென்மையாயினும் அதிற் பயன் இல்லை. சுகமான இருக்கை வாயிலுக்கு வெளியே நின்றுவிடும். உயர்ந்த வண்டி குலுக்கிக்கொண்டேனும் உள்ளே வரும். ஆதலால் உயரமே வேண்டாமெனல் பட்டணத்தார் வாதம்.

எட்டியாந்தோட்டை றப்பர் மலையிலோ இறக்குவானைத் தேயிலை மலையிலோ நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தால், உள்ளிடம் என்னும் சொல்லுக்கு வேறு பொருள் பிறக்கின்றது. அப்பொழுது வேண்டப்படுவது, ஒருவர் கால் நீட்டிப் படுப்பதற்கும், பக்கத்தில் மற்றொருத்தி அமர்ந்து கை பிடிப்பதற்கும் ஏற்ற இடம். ஜீப்பின் எதிரெதிர் இருக்கைகளுக்கிடையே ஒடுங்கிய தரைதான் உண்டு. காரின் பின்னிருக்கையிலே முழங்காலை மடக்கினாற் படுக்கலாம். ஆனால் இவ்விரண்டும் தொழிலாளர்க்குக் கிடைத்தது அருமை. அவர்களுக்குக் கிடைத்தவை கொழுந்து ஏற்றும் லொறியும் உழவு இயந்திரத்தின் பெட்டியும். அவற்றில் நீளம் தாராளம், மெத்தைதான் சாக்கு. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இரு வேளையும் முன்னிருக்கைக்காரர் மாறினார். லொறித் தட்டிற் சென்றவர் மாறவில்லை.

இப்பொழுது துரைமாரின் வாகனமாகப் பல இடங்களிற் காணப்படுவது 'டபிள் கப்'. பின்னே சாமான் தட்டுக்கு இடம் விடவேண்டி, அதன் பின்னிருக்கையின் சாய்வு ஏறக்குறைய நிமிர்த்தப்பட்டுள்ளது. நெடுந்தூரம் செல்பவருக்கு முதுகு நோகும். தட்டிலே உரமூட்டையும் ஏறும், சில வேளை ஆட்களும் ஏறுவர். 2016இல் இந்திய உதவியுடன் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 'சுவசெரிய' வண்டியிலே முழுநீளப் படுக்கை உண்டு. நோயாளி காலை மடக்க வேண்டியதில்லை. ஆயினும் அது பாதை தாங்கும் இடம் வரைதான் வரும். அங்கிருந்து மேலேயுள்ள லயத்துக்கு முச்சக்கரவண்டி ஏறுகின்றது. அதன் பின்னிருக்கையில் மூவர் நெருங்கி இருக்கலாம். ஒருவர் படுக்க இயலாது. நோயாளியை நடுவில் இருத்தி, இருபுறமும் இருவர் அணைத்துப் பிடித்தபடி அவ்வளைவுகளை இறங்குகின்றனர்.